எலி காதில் விழாமல் எழுதிய கதை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு பொய் சொல்ல வசதியாக இருக்கும். இந்தக் கதை ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய புத்தூர் பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது. போன ஆடி மாதம், நாகலாபுரம் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். அறுபது அறுபத்திரண்டு வயது இருக்கும். மடியில் தெலுங்குப் பேப்பரில் சுற்றிய ஒரு பெட்டி. சுற்றியிருந்த பக்குவத்தைப் பார்த்து ஸ்வீட் பாக்ஸ் என்றுதான் நினைத்தேன். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் பேப்பர் கிழிந்து கம்பி தெரிந்தது.

"எலிப்பொறிங்களா?" என்று கேட்டேன். பக்கத்து சீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுக்கிற வியாதி எனக்கு உண்டு.

அவர் உதட்டில் விரலை வைத்து, "உஸ்" என்றார்.

ஓடுகிற பஸ்ஸில் எந்த எலி கேட்கப்போகிறது? அது அவருக்கும் உடனே உறைத்துவிட்டது. வெட்கப்பட்டுச் சிரித்தார். ஆனாலும் இறங்குகிறவரைக்கும் வாயைத் திறக்கவில்லை. நாகலாபுரத்தில் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி, கோயில் பக்கமாக நடந்து போனார்.

நடந்தது இவ்வளவுதான். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. எத்திராஜ் என்று நான் வைத்தேன். இனி வருவதெல்லாம் என் சரக்கு.

2

(தொடக்கம், முதல் முயற்சி.) மச்சின் மேல் ஏதோ உருண்டது. எத்திராஜ் இருட்டில் கண்ணைத் திறந்து

வேண்டாம். ராத்திரி சத்தம் கேட்டு விழித்துக்கொள்கிறவர்கள் கதைகளில் ஊர்ப்பட்ட பேர் இருக்கிறார்கள்.

(இரண்டாவது.) மனிதன் தானியத்தைச் சேர்த்துவைக்கத் தொடங்கிய நாள் முதலாக எலியானது

இது பள்ளிக்கூடத்துக் கட்டுரை. "எலியானது" என்று எழுதிய கையை நானே தட்டிக்கொண்டேன்.

(மூன்றாவது.) எத்திராஜுக்கு யாரும் இல்லை.

இது கிட்டத்தட்ட சரி, ஆனால் பொய். அவருக்கு ஒன்றரை ஏக்கர் வேர்க்கடலை நிலம் உண்டு. அவருடைய அப்பா காலத்தில் அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போன குடும்பம். நிலம் இவர் சம்பாதித்தது. ஒரு மொபெட் உண்டு. நளினி என்று ஒரு மகள், திருப்பதியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. ஆக, யாரும் இல்லை என்பதல்ல. வீட்டில் யாரும் இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள் மேலே படியுங்கள். தெரியாதவர்களும் படிக்கலாம், பாக்கியசாலிகள்.

3

வழக்கத்தைச் சொல்லாவிட்டால் அந்த "உஸ்" புரியாது. எங்கள் பக்கத்தில் எலி பிடிக்கப்போகிறோம் என்று வீட்டுக்குள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். எலிக்குக் கேட்டுவிடும். கேட்டால் பொறிப்பக்கம் வராது. வராததோடு நிற்காமல், கோபத்தில் நல்ல புடவையாகப் பார்த்துக் கடித்தும் வைக்கும். (தமிழ் மட்டும்தான் தெரியுமா, தெலுங்கும் தெரியுமா என்று ஒருமுறை விசாரித்தேன். எல்லை ஊர் எலி, ரெண்டும் தெரியும் என்றார்கள்.)

எத்திராஜின் மனைவி தாட்சாயணி இருந்தவரைக்கும் இந்த வழக்கம் ஒரு விளையாட்டு மாதிரி நடந்தது. மச்சில் புழுக்கையைப் பார்த்துவிட்டால், சோறு போடும்போது, "சொந்தக்காரங்க வந்துக்கீறாங்க" என்பாள். அவர் தலையை ஆட்டுவார். அவள் அடுப்பில் தேங்காய்ச் சில்லைச் சுடுவாள், அவர் பொறியைத் துடைப்பார். அதற்கப்புறம் விடிகிறவரை இரண்டு பேரும் வாயைத் திறக்கமாட்டார்கள். சிரிப்பு வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள். முப்பத்தோரு வருஷம் இப்படிப் போனது.

தாட்சாயணி போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது மச்சில் மறுபடியும் எலி. சொல்லக் கூடாது, சரி. யாரிடம் சொல்லக் கூடாது? சொல்லாமல் இருப்பதற்கும் வீட்டில் இன்னொரு ஆள் வேண்டியிருக்கிறது. இது விளங்கிய அன்று எத்திராஜ் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதார். கதையில் அழுகையை இவ்வளவு சீக்கிரம் வைக்கக் கூடாது என்பார்கள். அவருக்கு அப்போதே வந்துவிட்டது, நான் என்ன செய்ய?

4

நளினிக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்பது எழுதாத சட்டம். ஆனால் பிறந்த வீட்டில் அம்மா இல்லை. பிள்ளை பெற்றவளுக்குத் தலைக்கு ஊற்றவும், பத்தியம் வைக்கவும் அங்கே யார் இருக்கிறார்கள் என்று சம்பந்தியம்மா வரலட்சுமி கேட்டாள். நியாயமான கேள்வி.

எத்திராஜ் அதற்குப் பதில் தயாரித்துக்கொண்டு திருப்பதிக்கே போனார். அவர் ஊரில் அவர் தெருவிலேயே பிரமிளா என்று ஒருத்தி, ஊர் சுகாதாரப் பணியாளர். காலையும் மாலையும் வந்து செய்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். நாகலாபுரத்தில் ஆஸ்பத்திரி. வெந்நீருக்குப் புது அடுப்பு. கழுவி விடுவதற்கு வாகாக பாத்ரூமில் டைல்ஸ் போட்டாயிற்று. ஒரு ஆம்பளை இவ்வளவு யோசித்திருக்கிறாரே என்று வரலட்சுமிக்கு மனசு இளகிவிட்டது. ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடிந்த கையோடு அழைத்துப் போகலாம் என்றாள்.

மூன்று மாதம். பிரசவத்துக்கு முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று மொத்தமாக மூன்று மாதம் அந்த வீட்டில் இன்னொரு குரல் இருக்கும், அழுகைச் சத்தம்கூட இருக்கும். எத்திராஜுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் எதையும் ஆசைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

ஊருக்கு வந்ததும் நளினியின் பழைய மரத்தொட்டிலை இறக்க மச்சில் ஏறினார். மச்சு என்றால் ஓட்டுக்கும் அறைக்கும் நடுவே பலகை அடித்த இடம். ஏணி வைத்து ஏறவேண்டும், குனிந்தே நகரவேண்டும். தொட்டிலுக்குள் ஒரு கைப்பிடி புழுக்கை கிடந்தது.

5

வீட்டில் சொல்லக் கூடாது என்பதால் புழுக்கையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு புத்தூரில் கன்னையா கடைக்குப் போனார். விதை, உரம், மண்வெட்டி எல்லாம் விற்கிற கடை. கன்னையா பொட்டலத்தைப் பிரித்து வெளிச்சத்தில் வைத்து, நகை மதிப்புப் போடுகிறவர் மாதிரி பார்த்தார்.

"அரிசி கணக்கா பொடிசா இருந்தா சுண்டெலி. பேரீச்சங்கொட்ட அளவுக்கு இருந்தா பெருச்சாளி, அது தரையத்தான் நோண்டும், மேல ஏறாது. இது ரெண்டு முனையும் கூரா கீது பாரு. வீட்டெலி. ஒன்னு கீதுன்னா ஒன்னோட நிக்காது."

விஷக் கேக்கு எடுத்துப் போட்டார். எத்திராஜ் வேண்டாம் என்றார். தின்றுவிட்டு எங்காவது இடுக்கில் செத்துத் தொலைக்கும், பிள்ளை வருகிற வீட்டில் நாற்றம். ஒட்டுகிற அட்டை? அதில் மாட்டினது விடிய விடியக் கத்தும் என்று கேள்விப்பட்டிருந்தார். கடைசியில் கம்பிப் பொறிதான். அதற்கும் கன்னையா ஒரு வழி சொன்னார். புதுச் சாமானை எலி நம்பாது. மூன்று நாள் கதவு விழாமல் கட்டிவிட்டு உள்ளே தீனி மட்டும் வைக்கவேண்டும். பயமில்லாமல் வந்து தின்று பழகட்டும். நாலாம் நாள் கட்டை அவிழ்த்துவிட வேண்டும்.

இந்தப் பொறியோடுதான் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

6

இப்போது நீங்கள் ஒன்றை எதிர்பார்க்கிறீர்கள், எனக்குத் தெரியும். தனியாளும் எலியும் சிநேகமாகிவிடுவார்கள், அவர் அதற்குப் பெயர் வைப்பார், கடைசியில் பொறியைத் திறந்து விட்டுவிடுவார். அப்படி ஒரு பக்கம் எழுதவும் எழுதினேன். நாலு வரி தாண்டுவதற்குள் எத்திராஜே என்னைத் திட்டினார். விதைக்கடலை மூட்டையில் எலி புகுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த மனுஷன். எலிக்குப் பெயர் வைப்பது பட்டணத்து எழுத்தாளன் வேலை என்றார்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த மூன்று நாளும் அவர் சில்லைச் சுட்டபோது வீட்டில் தேங்காய் வாசனை வந்தது. மேலே ஒன்று வைத்துவிட்டுத் தானும் ஒன்று தின்றார். தனக்காக மட்டும் அடுப்பு மூட்டாத நாட்கள் அவை.

நாலாம் நாள் முதல் எலி விழுந்தது. பத்து நாளில் மொத்தம் நாலு. ஒவ்வொன்றையும் பொறியோடு மொபெட்டில் வைத்து, சாக்கால் மூடி, மாநில எல்லையைத் தாண்டிக் கொண்டுபோய் ஒரு கரும்புக் கொல்லை ஓரம் திறந்துவிட்டார்.*

* தமிழ்நாட்டு வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பக்கத்துக்காரர்களும் அவர்கள் எலியை இந்தப் பக்கம்தான் கொண்டுவந்து விடுகிறார்கள் என்று பேச்சு.

அப்புறம் ஒரு வாரம் பொறி சும்மாவே கிடந்தது. சில்லு காய்ந்து சுருங்கியது. தொட்டிலைக் கழுவி வெயிலில் வைத்தார். வீடு சுத்தம்.

7

இந்தப் பகுதியை ஆறு தடவை எழுதிக் கிழித்தேன், ஏனென்றால் அவர் செய்த தப்பை நானும் செய்திருப்பேன்.

நளினி தினமும் காலையில் போன் செய்வாள். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா. எலி விஷயத்தை அவளிடம் அவர் மூச்சு விடவில்லை. மச்சில் எலி இருந்தவரைக்கும், போன் அடித்தால் தண்ணீர்த் தொட்டி வரை நடந்து போய்த்தான் பேசுவார். வாய் தவறி ஏதாவது வந்துவிட்டால்?

அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே பேசினார். எலிதான் இல்லையே, கேட்க யார் இருக்கிறார்கள் என்ற தைரியம். அதோடு, பல நாளாக உள்ளே அடைத்துவைத்த பெருமை. ஒரு மனிதன் தன்னந்தனியாக நாலு எலி பிடித்திருக்கிறான், சபாஷ் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. என்ன விசேஷம் நைனா என்று அவள் கேட்டதும் கொட்டிவிட்டது.

"நாலு எலி புடிச்சேன் கண்ணு. மச்சு மேல. இனிமே ஒன்னு கூட கெடையாது."

 அந்தப் பக்கத்திலிருந்து வேறு குரல் வந்தது. நளினி காய் நறுக்கிக்கொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"அண்ணா," என்றாள் வரலட்சுமி. "தப்பா எடுத்துக்காதீங்க. பச்சக் கொழந்தைய எலி கீற வூட்ல எப்டி அண்ணா போட்றது?"

எலிக்குக் கேட்டுவிடும் என்று ஒரு மாதம் வாயைக் கட்டினார். கேட்டது சம்பந்தியம்மாவுக்கு.

8

வரலட்சுமியைக் கெட்டவளாக்கினால் கதை சுலபமாகப் போகும். முயன்று பார்த்தேன். பெரிய மூக்குத்தி கொடுத்தேன், குத்தலாக நாலு வார்த்தை கொடுத்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. அவள் என் காகிதத்தில் நின்றுகொண்டு, தன் சித்தி மகனின் கால் கட்டைவிரலைப் பற்றிச் சொன்னாள். பிறந்த பத்தாம் நாள் எலி கடித்தது. அவனுக்கு இன்றைக்கு நாற்பது வயது, தழும்பு இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்து வளர்ந்தவள் வேறு எப்படிப் பேசுவாள்?

மூக்குத்தியை அடித்துவிட்டேன். குத்தல் வார்த்தைகளையும் அடித்துவிட்டேன். இந்தக் கதையில் கெட்டவர்கள் யாரும் இல்லை என்பது எனக்கு ஒரு தொந்தரவுதான்.

9

வளைகாப்பு திருப்பதியில் நடந்தது. எப்படியும் அனுப்பிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், நளினியை அழைத்துவர எத்திராஜ் ஒரு கார் பேசிக்கொண்டு போயிருந்தார். வளையல் அடுக்கினார்கள், ஐந்து வகைச் சாதம் போட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சி பிறந்த வீட்டுக்குக் கிளம்பும்போது போய்ட்டு வரேன் என்று சொல்லக் கூடாது, சத்தமில்லாமல் வண்டி ஏறவேண்டும் என்பார்கள். அன்று சத்தமில்லாமல் ஏறியது எத்திராஜ். பின்சீட்டில் அவரும், கட்டிக்கொடுத்த சாதப் பொட்டலங்களும்.

ஏறுவதற்கு முன் ஒன்று நடந்தது. நளினி மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். அம்மா புழங்கின வீட்டில் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வரலட்சுமி யோசித்தாள்.

"பதினஞ்சு நாளு பாருங்க அண்ணா. ஒரு அடையாளம் கூட இல்லன்னா சொல்லுங்க. நானே கூட்டியாந்து வுடறேன். உங்க வார்த்த போதும்."

உங்கள் வார்த்தை போதும். இந்த மூன்று சொல்லை எழுதிவிட்டு நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். ஒருவரைக் கட்டிப்போட இதைவிடக் கெட்டியான கயிறு கிடையாது.

(ஒரு இடைச்செருகல். வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம். நானும் திருப்பதியில் தனியாகத்தான் இருக்கிறேன். மகன் யஸ்வந்த் ஹைதராபாத்தில். நல்ல பையன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான். தெலுங்கும் இங்கிலீஷும் படிப்பான். நான் எழுதுகிற தமிழ் அவனுக்குத் தெரியாது. என்ன எழுதுகிறாய் என்று கேட்டான். எலியைப் பற்றி என்றேன். சிரித்தான். மலையைக் கெல்லி எலியைப் பிடிக்கிற வேலை என்று அவனும் நினைத்திருக்கலாம். நாலு மாதமாக இந்தக் கதையை முடிக்காமல் இழுப்பதற்குக் காரணம் கலை அல்ல. முடித்துவிட்டால் காலையில் எழுந்து பேச எனக்கு எத்திராஜும் இருக்கமாட்டார்.)

10

பதினைந்து நாளும் எத்திராஜ் வேலை செய்தார். அடுப்புச் சாம்பலைத் துணியில் சலித்து, மாலையில் மச்சுப் பலகை முழுக்க மெலிசாகத் தூவுவார். காலையில் ஏணி ஏறி, கால்தடம் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஓட்டு இடுக்குகளில் சிமெண்டு அடைத்தார். கடலை மூட்டைகளைப் பிரமிளா வீட்டுக்கு மாற்றினார். தினமும் சாம்பல் தூவின மாதிரியே இருந்தது. ஒன்று, இரண்டு, ஏழு, பத்து. பதினான்காம் நாள் காலையில் கடைக்குப் போய்க் குழந்தைக்கு ஒரு கொசுவலை வாங்கிவந்தார்.

பதினைந்தாம் நாள் காலை ஒன்பது மணி. சாம்பல் அப்படியே இருந்தது. இறங்கப்போனவர், உத்தரத்தின் மேல் கையை ஊன்றினார். உத்தரத்தில் சாம்பல் தூவவில்லை. விரலில் ஏதோ பட்டது. கறுப்பாக, சின்னதாக, ஒன்றே ஒன்று. விரலால் அழுத்தினார். லேசாக அமுங்கியது. புதுசு.

பல்லியாகவும் இருக்கலாம். பல்லி எச்சத்துக்கும் எலிப்புழுக்கைக்கும் அளவில் பெரிய வித்தியாசம் தெரியாது. பல்லியினுடையதில் ஒரு முனை மட்டும் வெள்ளையாக இருக்கும். அதைத்தான் பார்க்கவேண்டும். கிட்டத்தில் இருப்பது கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தெரியாது. கண்ணாடி கீழே டிவி மேல் இருந்தது. உள்ளங்கையில் அதை வைத்துக்கொண்டு, ஒரு கையால் ஏணியைப் பிடித்து இறங்கினார். கண்ணாடியை எடுத்தார்.

போன் அடித்தது. நளினி.

11

ஒரு முடிவு எழுதினேன். கண்ணாடியைப் போட்டார், முனையில் பொட்டு வைத்த மாதிரி வெள்ளை. வா கண்ணு என்றார். நளினி வந்தாள், பெண் குழந்தை பிறந்தது, தொட்டில் ஆடியது. எழுதி முடித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். வெள்ளை வைப்பதற்கு எனக்கு ஒரு சொல் போதும், செலவே இல்லை. ஆனால் அந்த மச்சுக்குக் கீழே படுக்கப்போவது நான் அல்ல, பத்து நாள் குழந்தை. சொல்லை அடித்தேன்.

இன்னொன்று எழுதினேன். வெள்ளை இல்லை. வராதே கண்ணு, இன்னும் இருக்கிறது என்று உண்மையைச் சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டு, கொசுவலையை மடித்து

அதையும் அடித்தேன். உத்தமமான முடிவு. எழுதுகிறவனுக்கு உத்தமம் மலிவு. அன்று மத்தியானம் ஒற்றைத் தட்டைக் கழுவி வைத்துத் தானே சோறு போட்டுக்கொள்கிறவர் அவர்.

வெள்ளை இல்லை, இருந்தும் வா என்று சொல்லிவிட்டு, மூன்று மாதமும் கையில் குச்சியோடு தொட்டிலுக்குப் பக்கத்தில் தூங்காமல் உட்கார்ந்திருப்பார் என்றும் தோன்றியது. அவரால் அது முடியும். நடந்தால் இதுதான் நடக்கும் என்று நம்புகிறேன், அதனாலேயே எழுதப் பயமாக இருக்கிறது. மனிதன் ஒரு நாளாவது கண்ணயர்ந்துவிடுவான்.

ஆகவே அவர் கண்ணாடியை இன்னும் போடவில்லை. ஒரு கையில் கண்ணாடி, இன்னொரு உள்ளங்கையில் அது. கண்ணாடி இருந்த கையாலேயே போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்துவிட்டார்.

"நைனா," என்கிறாள் நளினி. "அத்த பக்கத்துலதான் கீறாங்க. பைய கட்டிட்டேன். இன்னிக்கி பதினஞ்சு ஆச்சுல்ல, வரட்டா?"

நான் இதற்கு மேல் போகமாட்டேன். நீங்கள் எப்போதாவது ஒரு வீட்டில் இரண்டு வருஷம் தனியாகச் சாப்பிட்டிருந்தால், அவளுக்குப் பதில் சொல்லுங்கள். சாப்பிடாதவர்கள் தயவுசெய்து சொல்ல வேண்டாம்.